மரபணு சிகிச்சை வைரஸ் செல்லுக்குள் நுழைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“16 கோடி ரூபாய் ஊசி” என்ற தலைப்பைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயோடு பிறந்த கைக்குழந்தைக்காக ஊர் கூடி நிதி திரட்டிய செய்திகள் அவை. அந்தக் குப்பிக்குள் இருப்பது ஒரு வைரஸ். அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, குழந்தைக்குத் தேவையான மரபணுவை ஏற்றியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெரும்பாலோர் “ஆபத்து இல்லையா?” என்று கேட்கிறார்கள். “அது செல்லுக்குள் எப்படிப் போகிறது?” என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் மருந்தை எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டாம் முறை போடலாமா, கல்லீரலுக்கு ஏன் அடிபடுகிறது என்ற எல்லாமே அந்த இரண்டாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கின்றன. முதல் கேள்விக்கான பதிலும் பெரும்பகுதி அங்கேதான்.

வைரஸ் எதற்கு? மரபணுவை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஆகாதா?

ஆகாது, அப்படியே வேலை செய்தாலும் மிகக் கொஞ்சமே செய்யும். ரத்தத்தில் தனியாகத் திரியும் டி.என்.ஏ.வை வெட்டிப்போடும் நொதிகள் நம் உடலில் நிறைய. அவற்றுக்குத் தப்பியது செல்லின் அருகே வந்தாலும் சவ்வைத் தாண்ட முடியாது. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்ட நீண்ட இழை. செல்லின் வெளிப்புறமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். வைரஸ்களோ செல்லுக்குள் நுழைவதையே பிழைப்பாகக் கொண்டவை. காட்டுக்குள் போகப் புதுப் பாதை வெட்டுவதைவிட, தடம் தெரிந்தவனைக் கூட்டிக்கொண்டு போவது எளிது.

‘வெக்டர்’ என்றால் என்ன? அது உடலில் பெருகுமா?

சரக்கை ஏற்றிச் செல்லும் வண்டிதான் வெக்டர். வைரஸின் புரத உறையை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த அதன் மரபணுக்களை அகற்றிவிடுவார்கள். உறையைக் கட்டத் தேவையான கட்டளைகள் அதனிடம் இல்லாததால் செல்லுக்குள் போன பிறகு அது குட்டி போடாது. தொழிற்சாலையில் தயாரிக்கும்போது அந்தக் கட்டளைகளைத் தனி வளையங்களாக, வளர்ப்புச் செல்களுக்கு வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். உறைக்குள் அவை ஏறுவதில்லை.

எந்தெந்த வைரஸ்களைப் பயன்படுத்துகிறார்கள்?

இன்றைக்கு முக்கியமாக மூன்று. அடினோ-அசோசியேட்டட் வைரஸ், சுருக்கமாக ஏ.ஏ.வி.: சுமார் 25 நானோமீட்டர் விட்டம், கொழுப்புச் சவ்வு இல்லாத வெறும் புரத உருண்டை, உள்ளே ஒற்றை இழை டி.என்.ஏ. அடினோவைரஸ்: சுமார் 90 நானோமீட்டர், மூலைகளில் நீட்டிய முட்கள், இரட்டை இழை டி.என்.ஏ. லென்டிவைரஸ்: சுமார் 100 முதல் 120 நானோமீட்டர், மேலே கொழுப்புச் சவ்வு, உள்ளே ஆர்.என்.ஏ. ஹெர்ப்பீஸ் வைரஸிலிருந்து செய்த ஒரு வெக்டரும் உண்டு. தொட்டாலே தோல் கொப்பளிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு, புண்ணின் மேல் தடவும் களிம்பாக 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தாக வந்தவற்றில் ஏ.ஏ.வி.யின் கதையே செழிப்பானது என்பதால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

செல்லின் மேல் அது முதலில் எப்படி ஒட்டுகிறது?

பாடநூல் படங்களில் வைரஸ் ஒரு சாவியைப் போலவும் செல்லின் மேல் உள்ள ஏற்பி ஒரு பூட்டைப் போலவும் இருக்கும். சாவி பொருந்தும், கதவு திறக்கும், அம்புக்குறி உட்கருவுக்குப் போகும். எனக்கு அந்தப் படத்தில் உடன்பாடில்லை. நடப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை.

செல்லின் மேற்பரப்பு வழவழப்பான பந்து இல்லை. சர்க்கரைச் சங்கிலிகள் காடாக மண்டிக்கிடக்கும் இடம் அது. வைரஸ் முதலில் சிக்குவது அந்தச் சர்க்கரைகளில்தான். வயல் வரப்பில் நடந்தால் வேட்டிக் கரையில் நாயுருவி விதை ஒட்டிக்கொள்வதைப் போன்றது இது. ஒவ்வொரு பிடியும் பலவீனம். ஆனால் ஏ.ஏ.வி.யின் உறை 60 புரதங்களால் ஆனது. பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடிப்பதால் மொத்தப் பிடி உறுதியாகிவிடுகிறது.

எந்தச் சர்க்கரை என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு. ஏ.ஏ.வி.2 ஹெப்பரான் சல்பேட்டைப் பிடிக்கிறது. இது 1998-இல் தெரியவந்தது. ஏ.ஏ.வி.5 சியாலிக் அமிலத்தைத் தேடுகிறது. ஏ.ஏ.வி.9, சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் இல்லாமல் வெளித்தெரியும் கேலக்டோஸைப் பிடிக்கிறது. உறையில் சில அமினோ அமிலங்கள் மட்டுமே வேறுபடும் இரண்டு வகைகள் உடலில் வெவ்வேறு உறுப்புகளுக்குப் போய்ச் சேர்வதற்கு இது ஒரு காரணம்.

ஒட்டும் குணம் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. ஹெப்பரான் சல்பேட் செல்களின் மேல் மட்டும் இல்லை, செல்களுக்கு இடையிலும் நிறைந்திருக்கிறது. ஏ.ஏ.வி.2-ஐ ஒரு திசுவுக்குள் செலுத்தினால் ஊசி நுனியைச் சுற்றியே சிக்கி நின்றுவிடும், தொலைவாகப் பரவாது.

சர்க்கரையில் ஒட்டியதும் உள்ளே போய்விடுமா?

இல்லை. ஒட்டிய வைரஸை உள்ளே கூட்டிச்செல்ல இன்னொரு புரதம் வேண்டும். ஏ.ஏ.வி.யைப் பொறுத்தவரை அது எது என்பதில் பல ஆண்டுகள் குழப்பம் இருந்தது. ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் ஒவ்வொரு புரதத்தைச் சொன்னது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, மனிதச் செல்லின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, எதை எடுத்தால் ஏ.ஏ.வி. நுழைய முடியாமல் போகிறது என்று சலித்துப் பார்த்தது. அகப்பட்ட புரதத்துக்கு ஏ.ஏ.வி. ஏற்பி என்றே பெயர் வைத்தார்கள். அதுவரை அதற்கு இருந்தது ஒரு பட்டியல் எண் போன்ற பெயர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஏற்பி செல்லின் வெளிப்புறத்தில் உட்கார்ந்து விருந்தாளிக்காகக் காத்திருப்பதே இல்லை. பெரும்பாலும் அது செல்லுக்குள், புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பின் பக்கத்தில் இருக்கிறது. மேற்பரப்புக்கு வந்து வந்து போகிறது. ஆக, வாசலில் நிற்கும் காவல்காரன் என்பதைவிட, வெளியே வந்தவரைக் கையோடு உள்கட்டுக்கு அழைத்துப் போகும் வீட்டு ஆள் என்று அதைச் சொல்லலாம். பெரும்பாலான ஏ.ஏ.வி. வகைகளுக்கு இது தேவை. ஏ.ஏ.வி.4 போன்ற சில, இது இல்லாமலும் சமாளிக்கின்றன.

உள்ளே போவது என்றால் சவ்வைத் துளைத்துக்கொண்டா?

அதுவும் இல்லை. செல் தன் சவ்வை உட்புறமாகக் குழித்து, வைரஸைச் சுற்றிச் சிறு பையாக மடித்துக் கிள்ளி எடுத்துக்கொள்கிறது. கொலஸ்டிராலையும் இரும்புச் சத்தையும் செல் இப்படித்தான் உண்கிறது. அந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். வைரஸ் செல்லின் எல்லைக்கோட்டுக்கு உட்புறம் வந்துவிட்டது. ஆனால் செல்லுக்குள் இன்னும் வரவில்லை. பையின் உட்புறம் என்பது ஒரு காலத்தில் வெளிப்புறமாக இருந்த இடம். விழுங்கிய மாங்கொட்டை வயிற்றில் இருக்கிறது என்பதற்காக அது நம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்ல முடியாதல்லவா? மேலும் அந்தப் பை போகிற போக்கில் அமிலமாகிக்கொண்டே போகிறது. அப்படியே விட்டால் போய்ச் சேரும் இடம் லைசோசோம். அங்கே போனதெல்லாம் செரிக்கப்படும். பெரும்பாலான வெக்டர்கள் தோற்பது வாசலில் இல்லை, இந்தப் பைக்குள்.

அந்தப் பையிலிருந்து எப்படித் தப்பிக்கிறது?

மூன்று வைரஸ்களும் மூன்று விதமாக. பெரும்பாலும் கடிகாரமாக இருப்பது பைக்குள் ஏறும் அமிலம்.

ஏ.ஏ.வி. உறையின் 60 புரதங்களில் சுமார் ஐந்து, மற்றவற்றைவிட நீளமானவை. அந்த நீட்டிய பகுதி முதலில் உறைக்கு உள்ளே மடங்கிக் கிடக்கும். எண்டோசோமில் அமிலம் ஏறியதும் உறையில் உள்ள நுண்ணிய துளை வழியே அது வெளியே தலைநீட்டும். அதன் முனையில் ஃபாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது. கொழுப்புச் சவ்வை அறுப்பது அதன் வேலை. நாகப்பாம்பு, கண்ணாடிவிரியன் நஞ்சுகளில் செல் சவ்வைச் சிதைப்பதும் இதே குணமுள்ள நொதிதான். பாம்புக்குப் பல்லில் இருப்பது, இந்த வைரஸுக்கு வயிற்றுக்குள் மடித்து வைத்த கத்தி.

அந்தக் கத்தி வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களும் உண்டு. எண்டோசோம் வழியைத் தவிர்த்து, மிக நுண்ணிய ஊசியால் ஏ.ஏ.வி.யை நேரடியாகச் செல்லின் சைட்டோபிளாசத்துக்குள், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள குழம்புக்குள், செலுத்தினார்கள். பாதி வழியை மிச்சப்படுத்திக் கொடுத்தாயிற்று, இன்னும் நன்றாக வேலை செய்ய வேண்டும் அல்லவா? மாறாக, மரபணு வெளிப்பாடு ஏறக்குறைய நின்றே போனது. அந்தக் கடுமையான பயணமே வைரஸைத் தயார்ப்படுத்துகிறது. சூளைக்குப் போகாத பானையில் தண்ணீர் நிற்காது.

அடினோவைரஸ் முரட்டு ஆள். அதன் நீண்ட முள்ளின் நுனி, காக்சாக்கி-அடினோவைரஸ் ஏற்பி என்ற புரதத்தைப் பிடிக்கும். முள்ளின் அடிப்பகுதி இன்டெக்ரின் என்ற இன்னொன்றைத் தொட்டதும் செல் அதை விழுங்கும். பிறகு உறையின் ஒரு பகுதி கழன்று, உள்ளிருந்து வெளிவரும் ஒரு புரதம் பையைக் கிழித்துவிடுகிறது. கிழிந்த பை என்பது செல்லுக்கு ஓர் அபாய அறிவிப்பு. அடினோவைரஸ் கடும் அழற்சியைத் தூண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லென்டிவைரஸுக்குக் கொழுப்புச் சவ்வு இருப்பதால் கிழிக்க வேண்டியதில்லை. அமிலம் ஏறியதும் அதன் மேலுள்ள புரதம் வடிவம் மாறி, வைரஸின் சவ்வையும் பையின் சவ்வையும் இழுத்து ஒட்டவைக்கும். இரண்டு எண்ணெய்ச் சொட்டுகள் ஒன்றாகக் கலப்பதைப் போல் சவ்வுகள் கலந்து, உள்ளே இருந்த சரக்கு சைட்டோபிளாசத்தில் விழும்.

உட்கருவுக்குள் போவது எப்படி?

உட்கருவின் சுவரில் துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் உருண்டையான பொருளுக்கு ஏறத்தாழ 40 நானோமீட்டர் வரை வழிவிடும். 25 நானோமீட்டர் உள்ள ஏ.ஏ.வி. முழு உருண்டையாகவே அதில் புகுந்துவிடும். உறை கழல்வது உள்ளே போன பிறகு.

அடினோவைரஸ் 90 நானோமீட்டர். துளையில் நுழையாது. நுண்குழல்கள் என்ற செல்லின் தண்டவாளங்களில், டைனீன் என்ற மோட்டார் புரதத்தின் தோளில் ஏறி உட்கருவரை வந்து, துளையின் வாசலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கைனசின் என்ற இன்னொரு மோட்டார் அதை எதிர்த்திசையில் பிடித்து இழுக்க, உறை பிய்ந்து டி.என்.ஏ. உள்ளே போகும். தன்னைப் பிய்த்துப்போட, பிழைப்புக்குச் சரக்குச் சுமக்கும் செல்லின் மோட்டாரையே அது பயன்படுத்துகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

லென்டிவைரஸின் உள்ளறை கூம்பு வடிவம். அகன்ற பக்கம் சுமார் 60 நானோமீட்டர். இவ்வளவு அகலம் துளையில் போகாது, எனவே கூம்பு வெளியிலேயே உடைந்துவிடும் என்றுதான் நெடுநாள் பாடம் சொன்னார்கள். 2020-21-இல் வெளிவந்த நுண்ணோக்கிப் படங்கள் அதை மாற்றின. உயிருள்ள செல்லில் துளை நினைத்ததைவிட அகலமாக இருக்கிறது. கூம்பு உடையாமலேயே நுழைகிறது.

‘லென்டிவைரஸ்’ என்றால் எய்ட்ஸ் வைரஸ்தானே?

எச்.ஐ.வி.யிலிருந்து செய்யப்பட்டதுதான். ஆனால் இந்த வெக்டரில் எச்.ஐ.வி.யின் நோய்தரும் மரபணுக்கள் இல்லை. அதன் வெளிப்புறப் புரதமும் இல்லை. எச்.ஐ.வி.யின் இயல்பான புரதம் சி.டி.4 என்ற ஏற்பி உள்ள செல்களுக்குள் மட்டும் போகும். அதைக் கழற்றிவிட்டு, மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வாய்க்கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரஸின் புரதத்தை மாட்டிவிடுகிறார்கள். அந்தப் புரதம் பலவகைச் செல்களுக்குள் நுழையும். எதைப் பிடித்து நுழைகிறது என்பது 2013-இல்தான் தெளிவானது: எல்.டி.எல். ஏற்பி. ‘கெட்ட கொலஸ்டிரால்’ என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கிறோமே, அதைச் செல்லுக்குள் இழுக்கும் அதே ஏற்பி.

இது தெரிந்ததும் ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. ஓய்வில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்களிலும் (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) டி செல்களிலும் (நோய் எதிர்க்கும் வெள்ளணுக்கள்) லென்டிவைரஸ் சரியாக நுழைவதில்லை. அவற்றைத் தூண்டி விழிக்கவைத்த பிறகே நுழைகிறது. ஓய்வில் உள்ள செல்களின் மேல் எல்.டி.எல். ஏற்பி மிகக் குறைவு. தூண்டினால் கூடுகிறது. ஆய்வகத்தில் இந்தச் செல்களுக்கு முதலில் தூண்டுபுரதங்கள் கொடுப்பதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையாக உள்ள 5 பேருக்கு இந்த வழியில் சிகிச்சை அளித்து 2024 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் மூலம் எட்டாம் உறைவுக் காரணியின் மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றது. செல்லுக்குள் நுழையும் கட்டம் உடலுக்கு வெளியே, தட்டில் நடந்துவிடுவதால், ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) குறுக்கிட வழியில்லை. இதன் அருமை கீழே வரும் கேள்வியில் புரியும். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற, நோயாளியின் டி செல்களை மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையிலும் லென்டிவைரஸ்தான் வண்டி.

எனக்கு இதுவரை எந்த வெக்டரும் போடவில்லை. எனக்கு இது எதற்கு?

கோவிஷீல்டு போட்டுக்கொண்டீர்களா? அப்படியானால் ஒவ்வொரு ஊசியிலும் சுமார் 5,000 கோடி அடினோவைரஸ் வெக்டர்கள் உங்கள் கைத் தசைக்குள் போயிருக்கின்றன. சிம்பன்ஸியைத் தொற்றும் அடினோவைரஸ் அது. மனித அடினோவைரஸை எடுத்தால் பலருக்கும் ஏற்கெனவே அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்பதால் குரங்கினத்திடம் போனார்கள். அது மரபணு சிகிச்சை இல்லை, தடுப்பூசி. நுழைந்த வழி மட்டும் மேலே சொன்ன அதே வழி.

செல்லுக்கு ஒரு துகள் போதாதா? ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள்?

கண்ணில் போடும் லக்ஸ்டர்னா என்ற மருந்தில் ஒரு கண்ணுக்கு 15,000 கோடி ஏ.ஏ.வி.2 துகள்கள், அளவு 0.3 மில்லிலிட்டர். சோல்ஜென்ஸ்மா, அதாவது அந்த 16 கோடி ரூபாய் ஊசி, குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 110 லட்சம் கோடி ஏ.ஏ.வி.9 துகள்கள். ஒரு முழு வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்தச் செல்களே ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். ஒரு கிலோ குழந்தைக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் துகள்கள்.

இந்தப் பெருந்தொகைக்குக் காரணம் வழிநெடுகச் சேதாரம். தவறான உறுப்பில் ஒட்டியவை, ரத்தத்தில் பிடிபட்டவை, பைக்குள் செரித்தவை, பையிலிருந்து தப்பியும் புரோட்டியசோம் என்ற செல்லின் அரவை எந்திரத்தில் சிக்கியவை, உட்கருவரை வந்தும் உறை கழற்றாதவை. உறையின் மேலுள்ள சில டைரோசின் அமினோ அமிலங்களில் செல் ‘இது குப்பை’ என்று முத்திரை குத்துவதால்தான் அரவைக்குப் போகிறது. அவற்றை மாற்றிவிட்டால் குறைந்த அளவிலேயே பலன் கூடுகிறது என்று ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு 2008-இல் எலிகளில் காட்டியது. வாசலில் ஒன்றையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்பாதையைச் சீர்செய்ததிலேயே அந்த லாபம்.

அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அரிதான ஒரு தசை நோய்க்கு மிக உயர்ந்த அளவில் ஏ.ஏ.வி. கொடுத்த ஆய்வில் 2020, 2021 ஆண்டுகளில் 4 சிறுவர்கள் இறந்தார்கள். கல்லீரல் பாதிப்பு அதில் முக்கியமாகத் தென்பட்டது.

எதைக் கொடுத்தாலும் கல்லீரலுக்கே போவது ஏன்?

அதன் ரத்தக்குழாய்ச் சுவரில் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள சல்லடைக் கண்கள் இருக்கின்றன. மற்ற பெரும்பாலான உறுப்புகளில் சுவர் இறுக்கம். 25 நானோமீட்டர் உருண்டைக்குச் சல்லடையில் புகுவது சிரமமே இல்லை. ஹீமோஃபிலியா பி வகைக்கு 2022-இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஹெம்ஜெனிக்ஸ் போன்றவற்றுக்கு இது வரம். சேர வேண்டிய இடமே கல்லீரல். தசைக்கோ நரம்புக்கோ அனுப்ப நினைப்பவர்களுக்குச் சாபம்.

அடினோவைரஸ் விஷயத்தில் இன்னொரு திருப்பம். தட்டில் வளர்த்த செல்களில் அது காக்சாக்கி-அடினோவைரஸ் ஏற்பியைத் தேடிப் போவது உண்மை. ரத்தத்தில் செலுத்தினாலோ, உறைவுக் காரணி பத்து அதன் உறையில் ஒட்டிக்கொண்டு நேரே கல்லீரல் செல்களிடம் சேர்த்துவிடுகிறது. இது 2008-இல் தெரிந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1999 செப்டம்பரில், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், கல்லீரல் தமனி வழியே அடினோவைரஸ் வெக்டர் செலுத்தப்பட்ட நான்காம் நாள் கடும் அழற்சியால் இறந்தார். தட்டில் பார்த்த பாதையும் உடலுக்குள் உள்ள பாதையும் ஒன்றே என்று நம்பிவிடக் கூடாது என்பதை இந்தத் துறை கற்ற விலை மிகப் பெரியது.

மூளைக்குள் ஏன் போவதில்லை?

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் உடலிலேயே இறுக்கமானது. ஏ.ஏ.வி.9 ஓரளவு தாண்டும், அதனால்தான் கைக்குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழி ஊசியாகப் போட முடிகிறது.

2016-இல் கால்டெக் ஆய்வாளர்கள் ஏ.ஏ.வி.9-இன் உறையில் ஏழு அமினோ அமிலங்களைச் செருகி, பி.எச்.பி.பி. என்ற புது வகையை உருவாக்கினார்கள். எலிகளின் மூளையில் அது பழையதைவிடப் பல பத்து மடங்கு நன்றாகப் பரவியது. துறையே துள்ளியது. குரங்குகளில் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இன்னும் சங்கடம், வேறு இன எலிகளிலேயே வேலை செய்யவில்லை. 2019-இல் காரணம் வெளிப்பட்டது. புது உறை பிடித்துக்கொண்டு தாண்டியது லை6ஏ என்ற புரதத்தை. பரிசோதித்த எலி இனத்தின் மூளைக் குழாய்களில் அது இருக்கிறது. தோற்ற எலி இனத்தில் அதன் வடிவம் வேறு. மனிதரிடம் அப்படி ஒன்று கிடையாது. கண்டுபிடித்தது அந்த ஒரு எலி இனத்தின் கொல்லைப்புற வழி.

அந்தத் தோல்வியிலிருந்து வந்த பாடம் நல்ல பாடம். முதலில் உறையைச் செய்துவிட்டுப் பிறகு ஏற்பியைத் தேடாமல், மனிதரிடம் உறுதியாக உள்ள ஏற்பியை முதலில் முடிவு செய்து, அதைப் பிடிக்கும் உறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிராட் நிறுவனத்தின் குழு 2024-இல் மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் ஏ.ஏ.வி. உறையை வெளியிட்டது. மூளைக்கு இரும்புச் சத்தைக் கொண்டுபோகும் வாயில் அது. அந்த மனித ஏற்பியைப் பொருத்திய எலிகளில் நன்றாக வேலை செய்தது.

எதிர்ப்புப் புரதம் இருந்தால் சிகிச்சை கிடையாது என்கிறார்களே?

ஏ.ஏ.வி. நம்மைச் சுற்றி இயல்பாகவே திரியும் வைரஸ். பொதுவாக நோய் தராததால் வந்துபோனதே தெரியாது. ஆனால் உடலுக்குத் தெரியும். பலரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் சிறு வயதிலேயே வந்துவிடுகின்றன. அவை உறையை மூடிக்கொண்டால் வைரஸால் சர்க்கரையையும் பிடிக்க முடியாது, ஏற்பியையும் பிடிக்க முடியாது. பயணம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அதனால் சோல்ஜென்ஸ்மா போடும் முன் ஏ.ஏ.வி.9 ஆன்டிபாடி அளவைப் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாக இருந்தால் நாளாக ஆகக் குறையும், மீண்டும் பரிசோதிக்கலாம்.

எல்லா வகைக்கும் ஒரே கண்டிப்பு இல்லை. ஹெம்ஜெனிக்ஸ் ஆய்வில் ஏ.ஏ.வி.5 ஆன்டிபாடி உள்ளவர்களையும் சேர்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பலன் கிடைத்தது. அளவு மிக உயர்ந்திருந்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை போடலாமா?

ஏ.ஏ.வி. என்றால் இன்றைய நிலையில் இல்லை. ஒருமுறை போட்டதும் ஆன்டிபாடி அளவு விண்ணைத் தொடும். பல ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

நுழைந்த மரபணு நம் டி.என்.ஏ.வோடு கலந்துவிடுமா?

லென்டிவைரஸ் கலக்கும், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிந்து பெருகும் ஸ்டெம் செல்லில் மரபணு அடுத்த தலைமுறைச் செல்லுக்கும் போக வேண்டுமே. அதற்கு முந்திய காமா-ரெட்ரோவைரஸ் வெக்டர்களும் கலந்தன. தவறான இடத்தில் கலந்தபோது விபரீதம். பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக்கான பாரிஸ், லண்டன் ஆய்வுகளில், வெக்டர் புற்றுநோய்த் தூண்டு மரபணுவின் அருகே போய் உட்கார்ந்ததால் 5 குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இன்றைய லென்டிவைரஸ் வெக்டர்களில் பக்கத்து மரபணுவை உசுப்பும் பகுதிகள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

ஏ.ஏ.வி. பெரும்பாலும் உட்கருவுக்குள் தனி வளையமாகச் சுருண்டு கிடக்கும். மிகச் சிறு பங்கு மட்டும் குரோமோசோமில் சேரும். தனி வளையம் என்பதால் செல் பிரியும்போது அது நகல் ஆவதில்லை. வளரும் குழந்தையின் கல்லீரலில் ஆண்டுகள் போகப்போக நீர்த்துவிடும். பிரியாத நரம்புச் செல்லில் நிலைக்கும்.

ஊசி போட்ட குழந்தையிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுமா?

நோயாகத் தொற்றாது, பெருகத் தெரியாததற்கு எதைத் தொற்றுவது. ஆனாலும் வெக்டர் துகள்கள் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். சோல்ஜென்ஸ்மா போட்ட குழந்தையின் டயப்பரை மாற்றும் அம்மாவும் பாட்டியும் குறைந்தது ஒரு மாதம் கை கழுவுவதில் கவனமாக இருக்க வேண்டும். பயன்படுத்திய டயப்பரைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

வைரஸே இல்லாமல் செய்ய முடியாதா?

கல்லீரலுக்கு முடிகிறது. கொழுப்பு நானோ துகள்களுக்குள் ஆர்.என்.ஏ.வை அடைத்து அனுப்புகிறார்கள். ரத்தத்தில் இறங்கியதும் அபோ-ஈ என்ற புரதம் துகளைப் போர்த்திக்கொள்கிறது. கல்லீரல் செல்கள் அதைக் கொழுப்பென்று நினைத்து உள்ளே இழுக்கின்றன. எந்த ஏற்பியால் தெரியுமா? லென்டிவைரஸ் நுழைந்த அதே எல்.டி.எல். ஏற்பியால். அதன் பிறகு அதே எண்டோசோம், அதே அமிலம், அதே சேதாரம். தப்பி வெளியே வருவது இதிலும் மிகச் சிறு பங்குதான். ஆனால் ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள வைரஸ் உறை இல்லை. 2025-இல் ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், பிறவியிலேயே அம்மோனியாவைக் கையாள முடியாத ஒரு கைக்குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தைக்காக மட்டுமே தயாரித்த மரபணுத் திருத்த மருந்தைக் கொழுப்புத் துகளில் வைத்துக் கொடுத்தார்கள். முதலில் குறைந்த அளவு, பிறகு கூட்டி, பிறகு இன்னொரு முறை என மூன்று தடவை போட முடிந்தது.